வெளிநாட்டில் எந்த ஊரில் குடியேறலாம்? காற்று மாசு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் வேலை அமைந்தால் சம்பளம், வாடகை, பள்ளிக்கூடம், நம் ஊர் மளிகைக்கடை, கோயில் என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிப்போம். அங்கே காற்று எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. கேட்பவர்களும் போனில் ஏதோ ஒரு ஆப்பைத் திறந்து, அன்றைய எண்ணைப் பார்த்து, ஒன்று பயந்துவிடுகிறார்கள், இல்லை நிம்மதியாகிவிடுகிறார்கள். இடம் மாறப்போகும் உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஏற்கெனவே நுரையீரல் நோயோ இதய நோயோ இருப்பவர்கள் இதைப் படித்ததோடு நிறுத்தாமல் தங்கள் டாக்டரிடமும் பேசுங்கள்.

காற்று மாசைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும். வாடகைக்கும் பள்ளிக்கும் கொடுக்கும் அதே இடத்தைக் காற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு போட முடியாது. லண்டன், டொராண்டோ, மெல்போர்ன், சூரிக், சிங்கப்பூர் என்று நம்மவர்கள் அதிகம் போகும் பல ஊர்களில், காற்றுக்காக ஊரையே வேண்டாம் என்று சொல்லும் நிலை இல்லை. எந்தத் தெருவில், எந்த வீட்டில் குடியிருப்பது என்பதைத்தான் அங்கே காற்றை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

டாக்கா, லாகூர், ஹனோய், மங்கோலியாவின் உலான்பாத்தர் போன்ற ஊர்களில் கதை வேறு. எவ்வளவு நல்ல தெருவாகப் பார்த்துக் குடிபோனாலும் குளிர்காலத்தில் ஊர் முழுக்க ஒரே காற்றுதான். அப்படிப்பட்ட ஊருக்குக் கைக்குழந்தையோடு ஐந்தாறு வருடம் போய் இருக்கலாமா என்று கேட்டால், சம்பளம் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

பிஎம் 2.5 என்ற நுண்துகளின் ஆண்டுச் சராசரியை முதலில் பாருங்கள். 2.5 மைக்ரான் அளவும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்கள் இவை. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போகின்றன, அதில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கிறது. அதனால்தான் இந்தப் பிரச்சினை இருமலோடும் ஆஸ்துமாவோடும் நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம் வரை போகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வெளிக்காற்று மாசை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் சேர்த்தது.

ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்பதுதான் அளவு. உலக சுகாதார அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஆண்டுச் சராசரி 5-ஐத் தாண்டக் கூடாது. முன்பு அது 10 ஆக இருந்தது. அமெரிக்கா 2024-இல் தன் வரம்பை 12-இலிருந்து 9 ஆகக் குறைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2030-க்குள் 25-இலிருந்து 10-க்கு வரவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. இந்தியாவின் வரம்பு 40. ஆகவே ஒரு நாடு “எங்கள் காற்று வரம்புக்குள்தான் இருக்கிறது” என்று சொன்னால், எந்த வரம்பு என்று கேளுங்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. 10-க்குக் கீழே இருந்தால் ஊரைப் பற்றிக் கவலை வேண்டாம், தெருவைப் பாருங்கள். 10 முதல் 25 வரை என்றால் எந்த மாதங்களில் ஏறுகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம். 25-இலிருந்து 50 வரை என்றால், சின்னக் குழந்தைகளோ நுரையீரல், இதய நோயாளிகளோ வீட்டில் இருந்தால் நன்றாக யோசிக்க வேண்டும். நல்ல வீட்டுக்கும், காற்றைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையருக்கும் சம்பளம் இடம் கொடுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 50-க்கு மேல் என்றால் குடும்பத்தோடு நீண்டகாலம் இருக்கும் ஊராக அதைக் கருதாதீர்கள். இதில் சட்டமோ அறிவியல் எல்லைக்கோடோ எதுவும் கிடையாது. முடிவெடுக்க ஒரு பிடிமானம், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க: சென்னை அண்மை ஆண்டுகளில் 30-ஐ ஒட்டி இருக்கிறது, டில்லி 100-ஐ ஒட்டி.

ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) 100 என்றால் எல்லா நாட்டிலும் ஒரே அர்த்தம்தானே?

கிடையாது. பலர் ஏமாறும் இடம் இது. ஒரு நாளின் பிஎம் 2.5 சராசரி 60 என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் குறியீட்டில் அது 100, “திருப்திகரம்”. அதே காற்று அமெரிக்கக் குறியீட்டில் 150-ஐத் தாண்டி, “ஆரோக்கியக் கேடு” என்று சிவப்பில் நிற்கும். பிரிட்டனில் குறியீடு 1 முதல் 10 வரைதான். அங்கே அது 8, அதாவது “அதிகம்”. கனடாவில் இன்னொரு குறியீடு, அதுவும் 1-இல் தொடங்கி 10-க்கு மேல் என்று முடிவது. சிங்கப்பூரில் பிஎஸ்ஐ, மலேசியாவில் ஏபிஐ. மச்சான் லண்டனிலிருந்து “இன்று இங்கே 9” என்று சொன்னால், பரவாயில்லையே என்று நினைத்துவிடாதீர்கள். அது மோசமான நாள்.

குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் கணக்கைப் பாருங்கள். எல்லா ஊருக்கும் பொதுவான அளவு அதுதான். ஆப்களில் மணிக்கு மணி மாறும் “உலகின் மாசடைந்த ஊர்கள்” பட்டியலை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் எங்கே காற்று அசையாமல் நிற்கிறது என்பதைத்தான் அது காட்டும்.

ஆண்டுச் சராசரி குறைவாக இருந்தால் போதுமா?

போதாது. ஓர் ஊரில் பத்து மாதம் 8, இரண்டு மாதம் 60 என்றால் ஆண்டுச் சராசரி சுமார் 17. இன்னொரு ஊரில் பன்னிரண்டு மாதமும் 17. ஏட்டில் இரண்டும் ஒன்று. ஆனால் வீசிங் வரும் பிள்ளைக்கு முதல் ஊரில் அந்த இரண்டு மாதம் நரகம். மறுபக்கம் பார்த்தால், அந்த இரண்டு மாதத்தையும் பள்ளி விடுமுறையோடு சேர்த்து ஊருக்கு வந்து கழிக்க முடிந்தால் முதல் ஊரே மேல்.

அதனால் மாதவாரி அளவைத் தேடிப் பாருங்கள். தாய்லாந்தின் சியாங் மாய் நல்ல உதாரணம். மழைக்காலத்தில் போய்ப் பார்த்தவர்கள் மலைக்காற்று என்று மயங்கி வாடகைக்கு வீடு எடுத்துவிடுவார்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் தீ வைக்கும் காலம்; சுற்றி மலை இருப்பதால் புகை வெளியேறாமல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். வட இத்தாலியில் மிலான் இருக்கும் சமவெளியும் இதே கதைதான், ஆல்ப்ஸ் மலை காற்றை மறிப்பதால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மோசம். ஒரு வார சுற்றுலாவில் எந்த ஊரின் காற்றும் தெரியாது.

சிங்கப்பூர், மலேசியாவில் புகைமூட்டம் வருமாமே?

வரும், ஆனால் எல்லா ஆண்டும் இல்லை. இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காகச் சதுப்பு நிலத்தை வடிய வைத்திருக்கிறார்கள். கரி போன்ற அந்த மக்கிய மண்ணில் தீப்பிடித்தால் மேலே அணைந்தாலும் நிலத்துக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குக் காற்று அந்தப் புகையைச் சிங்கப்பூர், மலேசியா பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும்) ஆண்டாக இருந்து மழை பொய்த்தால் நிலைமை முற்றிவிடும். 1997-உம் 2015-உம் அப்படித்தான்.

2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் மூன்று மணி நேர பிஎஸ்ஐ 401-ஐத் தொட்டது. எதிர் புளோக் மங்கலாகத் தெரிந்தது, கடைகளில் என்95 மாஸ்க் தீர்ந்துபோனது, மக்கள் கதவு இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அதே வாரத்தில் மலேசியாவின் மூவார் பகுதியில் அவசரநிலை அறிவித்தார்கள். 2015 செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் விடுமுறை விட்டார்கள். எல்லை தாண்டிப் புகை அனுப்பும் நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர 2014-இல் சிங்கப்பூர் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இதற்காகச் சிங்கப்பூரை வேண்டாம் என்று சொல்வீர்களா என்றால், மாட்டேன். சாதாரண ஆண்டில் அங்கே பிஎம் 2.5 சராசரி 15-ஐச் சுற்றித்தான். சென்னையில் பாதி. ஆனால் வீட்டில் தீவிர ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், ஒரு அறையையாவது முழுசாக மூடி, ஏசியும் பியூரிஃபையரும் ஓட விடும்படி வீட்டை எடுங்கள். இன்று அங்கே பிஎஸ்ஐ என்பது 24 மணி நேரச் சராசரி. இப்போது வெளியே போகலாமா என்று முடிவு செய்ய ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைப் பாருங்கள். இரண்டையும் அங்கே அரசே வெளியிடுகிறது.

துபாய், தோஹா பக்கம் வெறும் மணல்தானே, அது என்ன செய்யும்?

மணல் என்று லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் பெரிய மணல் மூக்கிலேயே நின்றுவிடும். அதோடு வரும் மிக நுண்ணிய தூசு உள்ளே போகிறது, ஆஸ்துமாவைக் கிளப்புகிறது. அதன் மேல் வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை, கோடை வெயிலில் உருவாகும் ஓசோன் எல்லாம் சேர்கின்றன. வளைகுடா நகரங்களின் ஆண்டுச் சராசரி உலக சுகாதார அமைப்பின் அளவைவிடப் பல மடங்கு அதிகம். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசும் நாட்களில் இன்னும் கூடும்.

ஒரு வசதி, பெரும்பாலான நேரம் ஏசிக்குள் இருக்கப் போகிறீர்கள். ஏசி ஃபில்டரை வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழற்றிக் கழுவுங்கள். கழுவும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் அடுத்த முறை யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்காது.

லண்டன் சுத்தமான ஊர்தானே? அங்கே ஏன் தெருவைப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

எல்லா (Ella) அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமிக்காக. தென்கிழக்கு லண்டனில் லூயிஷம் பகுதியில், வண்டி நெரிசல் மிகுந்த சவுத் சர்க்குலர் சாலையிலிருந்து சில பத்து மீட்டர் தூரத்தில் அவளுடைய வீடு. கடும் ஆஸ்துமாவால் மூன்று வருடங்களுக்குள் இருபத்தைந்து முறைக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்துபோனாள். அவள் அம்மா விடாமல் போராடினார். 2020 டிசம்பரில் நடந்த மரண விசாரணையில், அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று அதிகாரி தீர்ப்பளித்தார். பிரிட்டனில் ஒருவரின் மரணக் காரணமாகக் காற்று மாசு பதிவானது அதுதான் முதல் முறை.

லூயிஷம் சிவன் கோயில் பக்கம் வீடு தேடும் தமிழர்களுக்கு அந்தச் சாலை நன்றாகத் தெரியும். லண்டனின் ஊர்ச் சராசரி இன்று பயப்படும் அளவில் இல்லை. 2019-இல் நடுலண்டனில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா வட்டாரங்களுக்கும் பரவிய, அதிகப் புகை விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணத்தால் பழைய டீசல் வண்டிகள் குறைந்து, நைட்ரஜன் டை ஆக்சைடும் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மெயின் ரோட்டு முகப்பில் இருக்கும் ஃபிளாட்டும், இரண்டு தெரு தள்ளி உள்ளே இருக்கும் ஃபிளாட்டும் ஒன்றாகாது. வாகனப் புகை சாலையிலிருந்து 150 முதல் 300 மீட்டருக்குள் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. பஸ் ஸ்டாப் வாசலிலேயே இருக்கிறது என்று சந்தோஷப்படும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

டொராண்டோவில் ஸ்கார்பரோ வழியாகப் போகும் 401 நெடுஞ்சாலைக்கும் இதே விதி. தெற்கு கலிபோர்னியாவில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, பெரிய நெடுஞ்சாலைக்கு அரை கிலோமீட்டருக்குள் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி, தள்ளி வளர்ந்தவர்களைவிடக் குறைவாக இருந்தது. நெடுஞ்சாலைக்கு 500 அடிக்குள் புதிய பள்ளி கட்ட அந்த மாநிலச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் காட்டுத்தீப் புகை வருகிறதே?

ஆமாம், இனி இதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். 2023-இல் கனடாவில் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அந்த ஜூனில் டொராண்டோவிலும் நியூயார்க்கிலும் வானம் மஞ்சளாகி, நியூயார்க்கின் ஏக்யூஐ 400-ஐத் தாண்டியது. 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பகலிலும் இருட்டு, ஆரஞ்சு வானம். கனடாவில் மே முதல் செப்டம்பர் வரையும், கலிபோர்னியாவில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரையும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மாதங்கள். மீதி நாட்களில் இந்த ஊர்களின் காற்று நம் ஊரைவிடப் பல மடங்கு நல்லது. போக வேண்டாம் என்று சொல்ல இது காரணம் இல்லை. ஒரு பியூரிஃபையரை முன்கூட்டியே வாங்கி வைக்கத்தான் காரணம். புகை வந்த பிறகு கடையில் கிடைக்காது.

மெல்போர்னில் காற்று ரொம்பச் சுத்தம் என்கிறார்களே?

மாசைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அங்கே வேறொன்று உண்டு, போகும் முன் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 நவம்பர் 21 மாலை ஒரு இடிமழை வந்தது. காற்றில் இருந்த ரை (ryegrass) என்ற புல்லின் மகரந்தம் ஈரத்தில் உடைந்து மிக நுண்ணிய துகள்களாகி நகரம் முழுக்கப் பரவியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் மூச்சுத்திணறல், ஆம்புலன்ஸ் போதவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமாவே இல்லை, வசந்த காலத்தில் தும்மலும் மூக்கொழுகலும் மட்டும்தான். இந்திய, ஆசியப் பின்னணி உள்ளவர்கள் மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இப்போது அக்டோபர் முதல் டிசம்பர் வரை விக்டோரியா மாநில அரசு இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு கொடுக்கிறது. அங்கே போய் ஓரிரு வருடத்தில் வசந்த காலத் தும்மல் தொடங்கினால் அலட்சியம் செய்யாமல் டாக்டரைப் பாருங்கள். முன்னறிவிப்பு சிவப்பில் இருக்கும் நாளில் மழைக்கு முன் வீசும் காற்றை ரசிக்க வெளியே நிற்க வேண்டாம், ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருங்கள்.

நாங்கள் சென்னையிலேயே வளர்ந்தவர்கள். உடம்புக்குப் பழகியிருக்காதா?

பழகுவது மூக்கும் தொண்டையும்தான். எரிச்சல் தெரியாமல் போகும், உள்ளே சேதம் நிற்காது. எண்ணூரிலோ மணலியிலோ குடியிருக்கும் மக்களைக் கேளுங்கள், யாரும் பழகிவிட்டது என்று சொல்ல மாட்டார்கள்.

இதற்கு ஒரு நல்ல மறுபக்கமும் உண்டு. காற்று சுத்தமானால் உடம்பு திரும்ப எழுந்துகொள்கிறது. 2008 ஒலிம்பிக்குக்காக பெய்ஜிங்கில் ஆலைகளையும் வண்டிகளையும் கட்டுப்படுத்திய வாரங்களில் எட்டாவது மாதக் கர்ப்பத்தில் இருந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளின் எடை, முந்தைய, பிந்தைய ஆண்டுகளில் அதே காலத்தில் பிறந்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தெற்கு கலிபோர்னியாவிலும் காற்று சீராகச் சீராகப் பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி மேம்பட்டது.

ஒரு வருட புராஜெக்ட்தான், தனியாகத்தான் போகிறேன்.

முப்பது வயது, நோய் எதுவும் இல்லை என்றால் போய்விட்டு வாருங்கள். வீட்டில் பியூரிஃபையர், மோசமான நாளில் என்95, சாலையோர ஓட்டப்பயிற்சி வேண்டாம். அவ்வளவு போதும். ஒரு வருடம் என்று போய் எட்டு வருடம் ஆகிவிடுவது நம்மவர்களிடம் சகஜம், அதனால் நீட்டிப்பு வரும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்ப யோசியுங்கள்.

பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது. என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில், அவனுக்கு எது கிளப்புகிறது என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புகையா, தூசியா, மகரந்தமா, குளிரா? குளிரில் இளைக்கும் பிள்ளையை, காற்று சுத்தம் என்பதற்காக மட்டும் டொராண்டோவுக்கு அழைத்துப் போனால் ஜனவரியில் தவித்துப்போவீர்கள். தினமும் எடுக்கும் இன்ஹேலர், அவசரத்துக்கு எடுக்கும் இன்ஹேலர் இரண்டின் மருந்துப் பெயரையும் (பிராண்டு பெயர் நாட்டுக்கு நாடு மாறும்) டாக்டர் சீட்டில் எழுதி வாங்குங்கள். புது ஊரில் டாக்டரிடம் பதிவு செய்து முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம், அதுவரைக்கும் மருந்து கையில் இருக்கட்டும். காப்பீடு ஆஸ்துமாவை ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் பள்ளிக்கூடம். மாசு நாளில் பிள்ளைகளை மைதானத்தில் விடுவார்களா, வகுப்பறையில் காற்றைச் சுத்திகரிக்கிறார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம். பெய்ஜிங்கில் சில சர்வதேசப் பள்ளிகள் விளையாட்டு மைதானத்தையே காற்றடைத்த கூடாரத்துக்குள் கொண்டுபோயிருக்கின்றன.

பிரசவம் பார்க்க அம்மா, அப்பா ஆறு மாதம் வருகிறார்கள். அவர்களுக்கு?

அறுபது வயதுக்கு மேல், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் என்று ஏதாவது இருந்தால் குழந்தையைவிட அவர்களுக்குத்தான் காற்று முக்கியம். பிரசவ தேதியை மாற்ற முடியாது, ஆனால் தங்கும் மாதங்களை முன்னே பின்னே தள்ள முடியும். விசிட்டர் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராது. மூச்சுத்திணறலுக்கு ஒரு ராத்திரி எமர்ஜென்சி போனால் அமெரிக்காவில் பில் எவ்வளவு வரும் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கர்ப்பிணிக்கும் இதே கவனம் வேண்டும்: எடை குறைந்த பிரசவத்துக்கும் குறைப்பிரசவத்துக்கும் நுண்துகளோடு தொடர்பு இருக்கிறது.

பியூரிஃபையரும் மாஸ்கும் வாங்கிவிட்டால் எந்த ஊரிலும் இருக்கலாம்தானே?

படுக்கையறை வரைக்கும் சரி. எட்டு மணி நேரத் தூக்கத்தில் நல்ல காற்று கிடைப்பது பெரிய விஷயம்தான். நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் உள்ளதாக, அறைக்கு ஏற்ற சிஏடிஆர் அளவு (எவ்வளவு வேகத்தில் சுத்தக் காற்று தருகிறது என்ற கணக்கு) உள்ளதாக வாங்குங்கள். 120 சதுர அடி அறைக்கு நிமிடத்துக்கு 80 கன அடி போதும், புகை நாட்களுக்கு 120, அதாவது மணிக்குச் சுமார் 200 கன மீட்டர். ஓசோனை வெளியிடும் வகை எதையும் வாங்காதீர்கள். என்95 முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் பயன், தாடி இருந்தால் ஒட்டாது. வாயுக்களை அது தடுக்காது.

ஆனால் பிள்ளை ஓடியாட வேண்டுமே? மாலையில் அப்பா நடக்கப் போக வேண்டுமே? ஜன்னலைத் திறக்காமல் வருடக்கணக்கில் வாழ்வது பழகிவிடும் என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை.

வீட்டுக்குள் காற்று நன்றாகத்தானே இருக்கும்?

நம் வீடுகளில், அதுவும் குளிர் நாட்டில், நிச்சயம் சொல்ல முடியாது. ஒரு சின்ன நுண்துகள் மானியை அடுப்பங்கரையில் வைத்துப் பாருங்கள். குழம்பு கொதிக்கும்போது எண் அசையாது. கடுகும் மிளகாயும் தாளித்த நிமிடத்தில் 10-இல் இருந்தது நூறுகளுக்குத் தாவும். மீன் வறுத்தால் இன்னும் மேலே. ஊதுபத்தி, சாம்பிராணிக்கும் அப்படித்தான். இங்கே ஜன்னல் திறந்திருப்பதால் போய்விடுகிறது, அங்கே ஹீட்டருக்காக மூடிய வீட்டில் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே வீடு பார்க்கும்போது அடுப்புக்கு மேலே இருக்கும் ஹூட், புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறதா, இல்லை கரி ஃபில்டரில் சுற்றவிட்டு அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று திறந்து பாருங்கள். நிறைய அபார்ட்மென்ட்டுகளில் இரண்டாவது வகைதான். கேஸ் அடுப்பை விட மின் அடுப்பு நல்லது, கேஸ் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும். எண்ணெய் வாசத்துக்குப் பக்கத்து வீட்டார் புகார் செய்வார்களோ என்று பயந்து ஜன்னலை மூடிக்கொண்டு வறுக்காதீர்கள்.

கம்பெனியிடம் இதைப் பேச முடியுமா?

முடியும். 2014-இல் பானசோனிக் நிறுவனம், சீனாவுக்கு அனுப்பும் ஜப்பானிய ஊழியர்களுக்குக் காற்று மாசுக்காகவே கூடுதல் தொகை தருவதாக அறிவித்தது. உங்களுக்குத் தனிப்படி கொடுக்காவிட்டாலும் பியூரிஃபையர் செலவு, மோசமான மாதத்தில் வீட்டிலிருந்து வேலை, குடும்பத்துக்கு ஒரு கூடுதல் விமான டிக்கெட் என்று கேளுங்கள். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் கேட்பதுதான் எடுபடும்.

நீதிமன்றமே காற்றைக் கணக்கில் எடுத்த சம்பவமும் உண்டு. 2020 டிசம்பரில் பிரான்ஸின் போர்தோ நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், கடும் ஆஸ்துமா உள்ள வங்கதேசத்தவர் ஒருவரை நாடு கடத்தக் கூடாது என்று தீர்ப்பு சொன்னபோது, அவர் நாட்டின் காற்று மாசையும் காரணமாகச் சொன்னது.

கட்டட வேலைக்குப் போகிறேன். ஊரைத் தேர்ந்தெடுப்பது என் கையில் இல்லை.

வேதனையான விஷயம், இந்தப் பக்கத்திலேயே காற்று அதிகம் பாதிக்கப்போவது உங்களைத்தான். சிமென்ட் தூசியும் மணற்காற்றும் புகைமூட்டமும் எட்டு, பத்து மணி நேரம் உள்ளே போகும். கல், கான்கிரீட் அறுக்கும் இடமாக இருந்தால் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கச் சொல்லிக் கேளுங்கள், அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். துண்டை முகத்தில் சுற்றுவது போதாது, என்95 வகை மாஸ்க்தான் வேண்டும், அதை முதலாளிதான் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் புகைமூட்ட நாட்களில் முதலாளிகள் செய்ய வேண்டியது பற்றி மனிதவள அமைச்சு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. தங்குமிடத்தில் கொசுவர்த்தியும் சிகரெட்டும் மூடிய அறையில் வேண்டாம்.

இன்று மோசமாக இருக்கும் ஊர் நாளை சரியாகுமா?

ஆகும், அரசு மனது வைத்தால். பெய்ஜிங்கின் ஆண்டுச் சராசரி 2013-இல் கிட்டத்தட்ட 90. அந்த ஆண்டு ஜனவரியில் ஊரே புகையில் மூழ்கிய பிறகு நிலக்கரி அடுப்புகளை எடுத்தார்கள், ஆலைகளை மூடினார்கள், இடம் மாற்றினார்கள். 2021-இல் சராசரி 33. போலந்தின் கிராக்கோவ் 2019 செப்டம்பர் முதல் வீடுகளில் நிலக்கரியும் விறகும் எரிப்பதைத் தடை செய்தது. அதனால் பத்து வருடத்துக்கு முன் அங்கே இருந்தவர் சொல்வதை அப்படியே நம்பாமல், கடைசி மூன்று நான்கு ஆண்டு அளவுகளை வரிசையாகப் பாருங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். அரசு அளவுகளை வெளியிடாத ஊரில் முன்பு அமெரிக்கத் தூதரக மானிகள் உதவின, 2025 மார்ச்சில் அவற்றின் தகவல் பகிர்வும் நின்றுபோனது. தனியார் வீட்டு மானிகள் ஈரப்பதத்திலும் புகையிலும் கூடுதலாகக் காட்டும் பழக்கம் உள்ளவை, ஒன்றை மட்டும் நம்பாமல் நாலைந்தைச் சேர்த்துப் பாருங்கள்.

ஹனோயில் ஒரு வேலை, கோலாலம்பூரில் ஒரு வேலை. ஹனோயில் சம்பளம் அதிகம். மூன்று வயதில் பையன் இருக்கிறான். எதை எடுப்பது?

கோலாலம்பூர். ஹனோயின் ஆண்டுச் சராசரி 40-க்கு மேல், நவம்பர் முதல் மார்ச் வரை காற்று அசையாமல் நின்று இன்னும் ஏறும். மோட்டார் சைக்கிள்கள், நிலக்கரி மின் நிலையங்கள், வைக்கோல் எரிப்பு எல்லாம் ஒன்றாகச் சேரும் ஊர். கோலாலம்பூர் 20-ஐ ஒட்டி. புகைமூட்ட ஆண்டு வந்தால் சில வாரங்கள் கஷ்டம், அந்த வாரங்களில் குழந்தையோடு ஊருக்கு வந்துவிடலாம், விமானம் நாலு மணி நேரம்தான். பையனின் நுரையீரல் வளரப்போகும் வருடங்கள் இவை. பையன் இல்லாமல் நீங்கள் இருவர் மட்டும் என்றால், இரண்டு வருட ஒப்பந்தம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஹனோய் போங்கள் என்று சொல்லியிருப்பேன்.